வாகனக் கேள்வி–பதில்: நேரங்கெட்ட நேரத்தில் அலறும் அலாரம்

காரோடு கூடவே வராமல், பின்னர் கடையில் வாங்கிப் பொருத்திய அலாரங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரும் வண்டியும் வேறுவேறாக இருந்தாலும், பெரும்பாலான கடிதங்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "செட்டையே மாற்றிப் பார்த்துவிட்டோம், சரியாகவில்லை." செட்டில் கோளாறு இருப்பது அரிது என்பதும், அதன் வயர்கள் காரின் வயரிங்கோடு சேரும் இடங்களில்தான் தேட வேண்டும் என்பதும் கீழே உள்ள பதில்களில் விளங்கும்.

கேள்வி: ஆறு ஆண்டுகள் ஓடிய ஹேட்ச்பேக் காருக்கு எட்டு மாதங்களுக்கு முன் ரிமோட் அலாரம் பொருத்தினோம். மழை தொடங்கியதிலிருந்து இரவு ஒரு மணி, மூன்று மணி என்று சைரன் தானாக அலறுகிறது. பொருத்திய கடைக்காரர் முதல்முறை அதிர்வு சென்சாரின் உணர்திறனைக் குறைத்தார். அடுத்த முறை அலாரத்தின் பெட்டியையே மாற்றினார். மூன்றாம் முறை, "உங்கள் தெருவில் பூனை அதிகம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தெருவில் எங்களிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்? — வாசகி, தஞ்சாவூர்

பதில்: பூனைகள் மழைக்காலத்தில் மட்டும் பிறப்பதில்லை. வெயில் காலம் முழுவதும் அமைதியாக இருந்த அலாரம் மழை வந்ததும் அலறுகிறது என்று தாங்கள் எழுதியிருப்பதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பெட்டியை மாற்றியும் தொல்லை தீரவில்லை என்பது மீதிப் பாதி: புதுப் பெட்டியும் அதே பழைய வயர்களில்தான் செருகப்பட்டிருக்கிறது.

முதலில் பானெட்டைத் திறந்து, ஃபெண்டரின் ஓரமாகவோ பாட்டரிக்குப் பக்கத்திலோ, விரல் நுனி அளவில், தலையில் ரப்பர் தொப்பியுடன் அமுங்கி எழும் சிறிய பின் சுவிட்ச் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அலாரம் பொருத்துபவர்கள் பானெட்டுக்காகத் தனியாகத் துளை போட்டு வைக்கும் சுவிட்ச் அது. பானெட் மூடியிருக்கும்போது பின் அமுங்கி இணைப்பு துண்டித்திருக்கும். திறந்தால் பின் எழுந்து, சுவிட்சின் உடல் வழியாக வயருக்கு எர்த், அதாவது காரின் உலோக உடலோடு இணைப்பு, கிடைக்கும். எர்த் கிடைத்த மறுகணம் சைரன் அடிக்கும். ரப்பர் தொப்பி எஞ்சின் சூட்டில் வெடித்துப்போனால் மழைநீர் உள்ளே இறங்கும். உள்ளே செந்துருவும் ஈரமும் சேர்ந்து, பானெட் மூடியிருக்கும்போதே வயருக்கு அரைகுறையாக எர்த் கொடுக்கத் தொடங்கிவிடும். நான் கழற்றிப் பார்த்த இத்தகைய சுவிட்சுகளில் ஒன்றின் பின், அமுக்கியபின் எழவே மனமில்லாமல் பாதியில் நின்றது. கழுத்தைச் சுற்றி ஈரத் தேயிலைத்தூள் போலத் துரு அப்பியிருந்தது.

சோதிப்பதற்குக் காசு செலவில்லை. அந்த சுவிட்சுக்கு வரும் ஒற்றை வயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி எதிலும் படாமல் ஒதுக்கிவிட்டு, இரண்டு மழை இரவுகள் வழக்கம்போல் அலாரத்தைப் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். புது சுவிட்ச் மிக மலிவான பொருள். மாற்றும்போது நீர் வழியாத இடத்தில், கொஞ்சம் கிரீஸ் தடவிப் பொருத்தச் சொல்லுங்கள். பின்னின் உயரமும் முக்கியம்: மூடிய பானெட்டின் மேல் உள்ளங்கையால் லேசாக அழுத்தி விடும்போது அலாரம் அலறினால், பானெட் பின்னைப் போதுமான அளவு அமுக்கவில்லை என்று பொருள்.

வயரைக் கழற்றிய பின்னும் அலறினால் அடுத்து கதவுகள். பெரும்பாலான கார்களில் கதவு சுவிட்சும் இதேபோல் எர்த் கொடுக்கும் வகைதான். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கறுப்பு முனையை நல்ல எர்த்திலும் சிவப்பு முனையை அலாரத்தின் கதவு வயரிலும் வைத்துப் பாருங்கள். எல்லாக் கதவுகளும் மூடியிருக்கையில் ஏறத்தாழ 12 வோல்ட்டும், ஏதேனும் ஒன்றைத் திறந்தால் பூஜ்யமும் காட்ட வேண்டும். மூடியிருக்கும்போதே 5, 7 என்று நடுவில் ஊசலாடினால் ஏதோ ஒரு கதவு சுவிட்சில் ஈரம் கசிகிறது. ஒவ்வொரு சுவிட்சாக வயரைக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது மீட்டர் 12-க்கு ஏறி நிற்கிறதோ அதுதான். டிக்கி சுவிட்சை மறந்துவிடாதீர்கள். அதை எல்லோருமே மறக்கிறார்கள். கதவு திறந்த செய்தியைக் கணினிப் பெட்டி வழியாகத் தரவு வயரில் அனுப்பும் புதிய வண்டிகளில் இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே அந்த மாடலின் வயரிங் படம் கையில் இல்லாமல் யாரையும் டேஷ்போர்டுக்குள் கைவைக்க விடாதீர்கள்.

அதிர்வு சென்சாரை மூன்றாவதாகத்தான் சந்தேகிக்க வேண்டும். கடைக்காரர் அதை முதலில் தொட்டதற்குக் காரணம், அதில் திருகு ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான். சென்சாரின் கப்ளரை ஓர் இரவு கழற்றி வைத்தும் அலறினால் அது நிரபராதி. அதுவே காரணமாக இருந்தால், குறைப்பதோடு நிற்காமல் எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வயர்க் கற்றையோடு சேர்த்து டேக் போட்டுத் தொங்கவிட்ட சென்சார், லாரி போனால் ஆடும், கண்ணாடியை உடைத்தால் உணராது. ஸ்டீயரிங் தண்டுக்கு அருகிலோ நடுக் கன்சோலுக்குள்ளோ உறுதியான உலோகப் பாகத்தில் திருகி வைத்து, மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, மூடிய கையால் கதவுத் தூணைத் தட்டித் தட்டி, சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

இத்தனைக்கும் முன் ஒன்று: பல செட்டுகள், அலறியபின் ரிமோட்டில் நிறுத்தும்போது, டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கை இத்தனை முறை என்று சிமிட்டி, கதவா, பானெட்டா, சென்சாரா எது எழுப்பியது என்று சொல்லிவிடும். எண்ணிக்கையின் பொருள் செட்டோடு வந்த கையேட்டில் இருக்கும். கையேட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால், இன்றே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரை வார இறுதியில் மட்டுமே எடுப்பேன். அலாரம் பொருத்திய பின், நான்கு நாள் நிறுத்தினால் ஐந்தாம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை. பாட்டரி 35 ஆம்பியர் மணி. வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வண்டி நிற்கும்போது 0.18 ஆம்பியர் இழுக்கிறது, அலாரம் என்றால் அப்படித்தான் என்கிறார். உண்மையா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மையில்லை. ஆனால் அவர் அளந்து சொன்ன எண்ணுக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அளக்காமலே பாட்டரியை மாற்றச் சொல்பவர்கள்தான் அதிகம்.

நிறுத்தி வைத்த கார் 0.05 ஆம்பியர், அதாவது 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. அதில் அலாரத்தின் பங்கு இருபது மில்லி ஆம்பியர் அளவில் அடங்கிவிட வேண்டும். தங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 0.18 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர் மணி. நான்கு நாளில் 17-க்கும் மேல். முழுதாகச் சார்ஜ் ஆன புதுப் பாட்டரியிலேயே இது பாதிக்குப் பாதி. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஓடி, ஒருபோதும் முழுச் சார்ஜ் ஏறாத இரண்டு வயதுப் பாட்டரியில் மிஞ்சுவதைக் கொண்டு செல்ஃப் சுழலாது. ஆக, பாட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குச் சந்தேகம் எஞ்சின் கட் ரிலேயின் மேல்தான். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அலாரம் போட்டிருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் அந்தச் சிறிய கறுப்புப் பெட்டியின் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று எண்கள் இருக்கும். 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் கம்பிச் சுருளின் முனைகள். சுருளின் மின்தடை 85 ஓம் அளவில் இருப்பதால், 12 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 0.14 ஆம்பியர் இழுக்கும். தங்கள் 0.18-இல் இதைக் கழித்தால் மிச்சம் 0.04, முற்றிலும் இயல்பான அளவு. கணக்கு இவ்வளவு பொருந்தி வருவதால்தான் ஊரிலிருந்தே துணிந்து சொல்கிறேன். முறைப்படி, சுருளின் ஒரு முனையை அலாரத்தின் வயரோடும், மறுமுனையைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இக்னிஷன் வயரோடும் சேர்க்க வேண்டும். அப்போது திருடன் சாவித்துளையைத் திருகும்போது மட்டுமே ரிலே விழித்தெழும். பொருத்தியவர் அவசரத்தில் மறுமுனையை நேரடிப் பாட்டரி வயரில் சேர்த்திருந்தால், அலாரம் போட்ட நொடியிலிருந்து எடுக்கும் நொடி வரை ரிலே இரவும் பகலும் விழித்திருக்கும். அலாரம் போட்டபின் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே அந்த ரிலேயைத் தொட்டுப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் இளஞ்சூடாக இருக்கும். ஒரே ஒரு வயரை இடம் மாற்றினால் போதும்.

அப்படி இல்லையென்றால் மீண்டும் அளக்க வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மீட்டரின் வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, முனைக்கும் கேபிளுக்கும் இடையில் தொடராக வையுங்கள். கதவைத் திறந்து வைத்தபடியே அளக்க வேண்டியிருந்தால், பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியதாக வண்டியை நம்பவைக்கலாம். அலாரத்தைப் போட்டு, வண்டியின் கணினிப் பெட்டிகள் எல்லாம் உறங்குவதற்கு அரை மணி நேரம் காத்திருந்த பின் வரும் எண்தான் கணக்கு. மீட்டர் தொடரில் இருக்கும்போது தப்பித்தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க, எதில் எண் விழுகிறதோ அந்த வழியில் தேடலாம்.

கேள்வி: அலாரம் பொருத்திய நாள் முதல், இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து எரிகிறது. கடையில் டயோடு வைத்துச் சரி செய்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை. — வாசகர், நாகர்கோவில்

பதில்: தங்கள் செட்டில் விளக்குகளுக்கென ஒரே ஒரு வயர்தான் வருகிறது, அதை இடது, வலது இரண்டு வயர்களோடும் நேராகச் சேர்த்ததால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டன. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடை வைத்தது சரியான வைத்தியம், ஆனால் மருந்தின் அளவு தவறு. கடைகளில் 4007 என்று கேட்டால் கிடைக்கும் சிறிய டயோடு தாங்குவது 1 ஆம்பியர். ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் 21 வாட் பல்புகள் இரண்டு என்றால் 42 வாட், அதாவது 3.5 ஆம்பியர். டயோடு வெந்து, உள்ளே ஒட்டி, வெறும் வயராகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 ஆம்பியர் டயோடு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கோடு போட்ட முனை பல்பின் பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சட்டென்று நின்றுவிடுகிறது, சில நொடிகள் கழித்துச் சாவியைத் திருப்பினால் எடுத்துக்கொள்கிறது. மேடு பள்ளமான சாலையில் அதிகம். அலாரம் பொருத்திய இரண்டு மாதத்துக்குப் பின்தான் இது தொடங்கியது. — வாசகர், திண்டிவனம்

பதில்: இந்த வரிகளைப் படித்ததும் அந்த வண்டியை நெடுஞ்சாலையில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளில் உள்ளவை தொல்லைகள், இது ஆபத்து. எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குள் தீர்ந்துவிடும்.

பொருத்தியவர் எஞ்சின் கட் ரிலேயை செல்ஃப் வயரில் வைக்காமல், இக்னிஷன் வயரிலோ பெட்ரோல் பம்ப் வயரிலோ வைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். செல்ஃப் வயரில் வைத்த ரிலே பழுதானால் நின்ற வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். இக்னிஷன் வயரில் வைத்த ரிலேயின் கால் ஒன்று தளர்ந்தாலும், அந்த வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தாலும், ஒவ்வொரு பள்ளத்திலும் எஞ்சினின் உயிர் அந்த முறுக்கலில் ஊசலாடும். நம் ஊர் வெயிலில் கறுப்பு டேப்பின் பசை இரண்டு மாதத்தில் இளகி, டேப் தானாக அவிழ்ந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டும் நிலைக்கு வந்துவிடும். தங்கள் இரண்டு மாதக் கணக்கும் அதைத்தான் நினைவூட்டுகிறது.

வெட்டிய வயரை ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, பழையபடி ஒரே வயராக்கச் சொல்லுங்கள். தடுப்பு வேண்டுமென்றால் ரிலேயை செல்ஃப் வயரில், 30-க்கும் 87ஏ-க்கும் இடையில் வைக்கட்டும். அந்த இரண்டு கால்களும் ரிலே உறங்கும்போது சேர்ந்தே இருப்பவை என்பதால், அலாரம் செயலிழந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ரிலே 40 ஆம்பியர் வகையாக இருப்பது நல்லது. ஓடும் வண்டியை ரிமோட்டால் நிறுத்தும் வசதியும் சில செட்டுகளில் உண்டு. சட்டைப் பையில் ரிமோட் அமுங்கினாலே போதும். அதையும் நீக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது ஸ்டீயரிங்கின் கீழே மஞ்சள் உறை போட்ட வயர்கள் தென்பட்டால் அவற்றை யாரும் தொடக் கூடாது. அவை ஏர்பேகுக்கு உரியவை.

கேள்வி: ரிமோட் முன்பு மாடியிலிருந்தே வேலை செய்தது; இப்போது கதவருகில் போனால்தான் கேட்கிறது. புது பாட்டரி போட்டும் பயனில்லை. — வாசகி, திருநெல்வேலி

பதில்: ரிமோட்டின் பாட்டரி சரியென்றால் ஆன்டெனாவைப் பாருங்கள். பெட்டியிலிருந்து எங்கும் சேராமல் தனியாக நீளும் ஒற்றை வயர்தான் ஆன்டெனா. 'உபரி வயர்' என்று நினைத்து அதைச் சுருட்டி டேக் போட்டிருப்பார்கள், அல்லது வெட்டியே விட்டிருப்பார்கள். உலோகத்தை ஒட்டாமல், முன்கண்ணாடியின் ஓரமாக நேராக நீட்டி வைத்தால் தூரம் திரும்பிவிடும்.

கேள்வி: எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார். வாசலில் நிற்கும் அவருடைய காரின் அலாரம் இரண்டு நாளாக அரை மணிக்கு ஒருமுறை அலறுகிறது. பானெட்டைத் திறந்து பாட்டரி வயரைக் கழற்றிவிடலாமா? — வாசகர், சென்னை

பதில்: கழற்றாதீர்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால், சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் காரின் பானெட்டை நெம்பித் திறந்த மறுகணம் அது தங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். அவரைத் தொலைபேசியில் பிடித்து, மாற்றுச் சாவி யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் காவல் துறைக்குச் சொல்லுங்கள். தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு: சில சைரன்களுக்கு உள்ளேயே தனிப் பாட்டரி இருக்கும். வண்டியின் பாட்டரியைக் கழற்றினால், யாரோ திருட வந்துவிட்டார்கள் என்று அவை தம் சொந்தப் பலத்தில் அலறத் தொடங்கும். அதை நிறுத்த சைரனின் பக்கவாட்டில் ஒரு குட்டிச் சாவித்துளை உண்டு. அதற்குரிய சாவி பெரும்பாலும் பூட்டிய காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள்தான் கிடக்கும்.